ஒரு தாள் இடைவெளி

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதைக் கொண்டாட எங்கள் ஊர்ச் சங்கத்தார் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபம் எடுத்து விருந்து வைத்தார்கள். இடியப்பமும் சொதியும் முடிந்து, பொன்னாடையும் போர்த்தியாயிற்று. சங்கச் செயலாளர் ரவி ஒலிவாங்கியைப் பிடித்தார். என்னைவிட வயதில் நன்றாக இளையவர், நல்ல மனிதர், பேச ஒரு மேடை கிடைத்தால் விடமாட்டார்.

"சிவபாதம் அண்ணையைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல? இந்த லண்டன் சனம் நிம்மதியா நித்திரை கொள்ளுதெண்டால் அதில அண்ணையின்ரை பங்கும் இருக்கு. இவ்வளவு வருசமா ஒரே மெத்தைக் கடையில நிண்டு உழைச்சவர்!"

சபை கைதட்டியது. முன்வரிசையில் இருந்த என் மனைவி பவானி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் என் வாழ்நாளில் ஒரு மெத்தைகூட விற்றதில்லை. நான் செய்தது துவக்கு வேலை. மேற்கு லண்டனில் ரயில் பாதைக்குக் கீழே வளைவு வளைவாகச் செங்கல் அறைகள் இருக்குமே, அப்படி ஒன்றில் இருந்த பட்டறையில் வேட்டை ரைபிள்களைக் குறி தவறாமல் சுடவைப்பது என் தொழில். ரைபிளின் இரும்பு உடம்பு அதன் மரக்கட்டைக்குள் அசையாமல் அமர்வதற்கு இடம் செய்வதை அந்தத் தொழிலில் 'பெடிங்' என்பார்கள். படுக்கை போடுவது என்றுதான் அர்த்தம். ஆகவே நான் ஊருக்குச் சொன்னது முழுப் பொய்யும் அல்ல.

அந்த வேலை கிடைத்த அன்று பவானி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சொல்லை வெளியில விடாதேங்கோ. துவக்கெண்டு கேட்டாலே சனம் வேற மாதிரி நினைக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்போது விசாவுக்குக் காத்திருந்தார்கள். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் நாங்கள். தொலைபேசியில் அந்தச் சொல் வந்தால் தானாகவே குரல் தாழ்ந்துவிடும். எனவே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு "பெடிங் வேலை" என்றேன். யாரோ அதை மெத்தைக் கடை என்று தமிழாக்கிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. ஒருமுறை இதே ரவி, "அண்ணை, டபுள் மெத்தை ஒண்டு மலிவா எடுக்க ஏலுமோ?" என்று கேட்டு, நான் ஹவுன்ஸ்லோவில் முழு விலைக்கு வாங்கி அரை விலை என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த மெத்தையில்தான் அவர் இன்றைக்கும் படுக்கிறார்.

இப்போது பயப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டோம். பட்டறையில் இன்று வேலை செய்பவர்களும் அவ்வப்போது போன் எடுத்து, "பேட், அந்த மான்காரப் பெண்மணியின் ரைபிள் கதையை எழுதி வையுங்கள்" என்று கேட்கிறார்கள். பேட் என்பது நான்தான். சிவபாதம் அவர்கள் வாயில் நுழையாமல் பாதம் ஆகி, கடைசியில் பேட் என்று நின்றுவிட்டது. ரவியின் பேச்சுக்குப் பதில் சொன்னதாகவும் இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மரவேலை படித்தவன் நான். லண்டன் வந்து பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் நின்று, பிறகு பழைய மேசை, கதிரைகளைத் திருத்தும் கடை ஒன்றில் சேர்ந்தேன். உடைந்த கதிரைக்காலோடு ஒருநாள் நெடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். நான் பொருத்திக் கொடுத்த இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தட்டவில்லை. "என்னிடம் வேலைக்கு வருகிறாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்தான் லென், அந்தத் துவக்குப் பட்டறையின் சொந்தக்காரர். வேலையில் சேர்வதற்கு முன் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து என்னை விசாரித்தார். இதற்கு முன் துவக்கைக் கையாண்டதுண்டா என்று கேட்டார். "இல்லை, அதைக் கண்டு ஓடிய அனுபவம் மட்டும் உண்டு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பவானி வைத்த தேநீரை மிச்சம் விடாமல் குடித்துவிட்டுப் போனார். அனுமதி வந்தது.

முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சுரண்டினேன், தேய்த்தேன், மரத்தூளில் தும்மினேன்.

லென்னைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அதட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு ரைபிள் வந்து மேசையில் இருந்தால் முதலில் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொள்வார். கை உள்ளேயே இருக்க, குனிந்தும் சரிந்தும் சுற்றிவந்தும் பார்ப்பார். நான் ஆவலில் திருகாணியைத் தொடப்போனால், "பேட், கை பைக்குள்" என்பார். கழற்றியதும் பாதிக் காரணம் ஓடிப்போய்விடும் என்பது அவருடைய கட்சி. எனக்கோ பிறவிக்குணம் ஒன்று உண்டு. ஒரு சாமான் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. உடனே திறந்து பார்க்கச் சொல்லிக் கை அரிக்கும். பைக்குள் கையைப் போட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பெடிங் என்ன வேலை என்று ரவிக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். ரைபிளில் இரும்பு உடம்பு ஒன்று, அதன் முன்னால் திருகியிருக்கும் நீண்ட குழல் ஒன்று, இரண்டையும் தாங்கும் மரக்கட்டை ஒன்று. ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு பின்னால் உதைக்கும். மரத்தில் அதன் இருக்கை சரியாக இல்லாவிட்டால், உதைத்த பிறகு முன்பு இருந்த இடத்தில் அமராது, மயிரிழை தள்ளி அமரும். இங்கே மயிரிழை என்றால் அங்கே, தூரத்தில், நான்கு விரல். ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்துக்குப் போகும்.

அந்த இருக்கையைச் செய்ய முதலில் புகை வேண்டும். திரியைத் தூண்டிவிட்ட மண்ணெண்ணெய் விளக்கின் மேல் இரும்பைப் பிடித்துக் கரி படியவிடுவோம். அதை மரத்துக்குள் வைத்து எடுத்தால் மேடான இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அதைச் சீவி, மீண்டும் கரி பிடித்து, மீண்டும் வைத்து எடுக்கவேண்டும். நாள் முழுக்க இதே வேலை. சட்டைக் கையெல்லாம் கரியோடு வீட்டுக்குப் போனால் பவானி, "ஆருக்குக் கண்மை பூசிவிட்டிட்டு வாறியள்?" என்று கேட்பாள்.

மரம் சரியானதும், உதை விழும் இடங்களில் மட்டும் கொஞ்சம் குடைந்து எடுத்து, கல் மாதிரி இறுகும் எபொக்சிப் பசையை இடுவோம். அதற்கு முன் இரும்பில் ஒரு இடம் விடாமல் மெழுகு பூசவேண்டும். பூசாமல் விட்டால் இரும்பும் மரமும் கலியாணம் கட்டிக்கொண்டுவிடும், பிரிக்க வழியில்லை. இரும்பின் அடியில் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும், உதையை மரத்துக்குக் கொடுப்பது அதுதான். அந்தப் பல்லின் பின்பக்கம் மட்டும் பசையில் சாயவேண்டும். முன்பக்கமும் ஓரமும் அடியும் எதையும் தொடக்கூடாது. அதனால் அங்கெல்லாம் நாடா ஒட்டி இடைவெளி விடுவோம். இரும்பை இறக்கி, திருகாணியை இறுக்காமல் சும்மா அமரவிட்டு, மறுநாள் காலையில் ஒரு மரச்சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பிரியும். அந்தச் சத்தம் கேட்கும்வரை லென்னும் தேநீரைத் தொடமாட்டார், நானும் தொடமாட்டேன்.

அடுத்தது குழல். இருக்கை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்குக் குழல் சுதந்திரமாக இருக்கவேண்டும். சுடும்போது குழல் அதிரும். கோயில் மணியை அடித்துவிட்டு அதன் ஓரத்தில் விரலை வைத்தால் நாதம் மாறிப்போகுமல்லவா, அப்படித்தான் மரம் குழலில் முட்டினால் குண்டின் போக்கு மாறிவிடும். முட்டும் இடமும் மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டிருக்கும், மரம் ஊதும், சுருங்கும். ஆகவே குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் முழு நீளத்துக்கும் ஓர் இடைவெளி விடவேண்டும். குழல் காற்றில் மிதக்கவேண்டும் என்பார் லென். இவ்வளவு கனமான இரும்பு எதையும் தொடாமல் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும் என்பது எனக்கு வெகுகாலம் அதிசயமாகவே இருந்தது.

இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க லென் ஐந்து பவுண் நோட்டு ஒன்றைக் குழலுக்கு அடியில் செருகி, நுனியிலிருந்து உடம்புவரை இழுத்துக்கொண்டு போவார். எங்காவது சிக்கினால் அங்கே மரம் தொடுகிறது. பிறகு நோட்டுகள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. லென் புது நோட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கேயும் வழுக்கிக்கொண்டு போகும், இதை நம்பமுடியாது" என்று மேசையில் எறிந்தார். என் சட்டைப் பையில் அன்று காலை கிழித்த கலண்டர் தாள் இருந்தது. ஹவுன்ஸ்லோத் தமிழ்க்கடையில் தைமாதம் இலவசமாகத் தருகிற, நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் கலண்டர். பவானி நல்ல நேரம் பார்த்துவிட்டுக் கிழித்துக் குப்பையில் போடப்போவதை, எதற்கும் உதவும் என்று நான் பைக்குள் வைத்துக்கொள்வேன். அதைச் செருகினேன். மெல்லிய தாள், சொரசொரப்பானது, லேசாகத் தொட்டாலே சிக்கியது.

லென் அதை வாங்கிப் பார்த்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

"இன்றைக்குக் கெட்ட நேரம் எப்போது என்று."

"எப்போது?"

சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ராகு காலத்தில்தான் தேநீர். அந்த நேரத்தில் மெழுகு பூசுவதில்லை, பசை இடுவதில்லை. அது எந்த ஊர் நேரத்துக்குக் கணித்தது என்று எனக்கே தெரியாது. லென் அதைக் கேட்கவும் இல்லை.

இனி அந்த மான்காரப் பெண்மணிக்கு வருகிறேன். பெயர் ஜூடித். லண்டனுக்குத் தெற்கே காடுகளில் மான்கள் பெருகி இளமரங்களைக் கடித்துத் தின்றுவிடும். நிலக்காரர்கள் கூப்பிட, அளவாகச் சுட்டுக் குறைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். அறுபதைத் தாண்டியவர், குள்ளமானவர், குரல் மட்டும் பெரிது. பட்டறைக்கு வந்தால் அவருடைய நாய் என் மேசைக்கடியில் படுத்துக்கொள்ளும். மானைச் சுடுகிறாரே என்று பவானிக்கு அவரைப் பற்றிக் கேட்கவே பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். இருபது வருடத்தில் அவர் சுட்ட மான் ஒன்றுகூட வலியை அறிந்திருக்காது என்று லென் சொல்வார்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அவர் வந்து ரைபிளை மேசையில் வைத்தபோது அந்தக் குரல் இல்லை.

"ஒரு பெண் மானைச் சுட்டேன். விழவில்லை, ஓடிவிட்டது. இருட்டும்வரை நானும் நாயும் தேடினோம். காலையில்தான் கண்டுபிடித்தோம்." கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்போதும் உயிர் இருந்தது."

லென் கைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"குண்டு மேலே போய்விட்டது. அதற்கு முந்தின கிழமையும் ஒன்று மேலே போனது, நல்லகாலம், அது ஒன்றிலும் படவில்லை. சுடும் மைதானத்துக்குப் போய் மணல்மூட்டையில் வைத்துச் சுட்டால் நூல் பிடித்ததுபோல் போகிறது. எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். ரைபிளா, நானா? நான் என்றால் இன்றோடு விட்டுவிடுகிறேன். இன்னொரு மானுக்கு அப்படி ஓர் இரவைக் கொடுக்கமாட்டேன்."

அவர் போனதும் நான் திருகாணிச் சாவியை எடுத்தேன். "பெடிங்கைப் புதிதாகப் போட்டு, குழலையும் இன்னும் கொஞ்சம் திறந்துவிடுவோமா?"

"போட்டால் நன்றாகச் சுடும்" என்றார் லென். "எது சுடாது? ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. ரைபிளா, தானா என்று கேட்டார். இப்போது கைவைத்தால் அதற்குப் பதில் ஒருநாளும் கிடைக்காது."

கை பைக்குள் போனது.

கண்ணால் பார்த்து முடித்த பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். குறிபார்க்கும் தொலைநோக்கியை ரைபிளின் மேல் பிடித்திருக்கும் வளையங்கள் இறுக்கமாக இருந்தன. குழல்வாயில் ஒரு கீறல் இல்லை. ஊசிக் கடிகாரம் போன்ற அளவுமானியைக் கட்டையில் பூட்டி, அதன் முனையைக் குழலில் வைத்து, முன் திருகாணியைத் தளர்த்தினோம். இருக்கை கோணலாக இருந்தால் குழல் துள்ளும், ஊசி ஓடும். ஊசி அசையவேயில்லை. கலண்டர் தாளைச் செருகினேன். நுனியிலிருந்து உடம்புவரை சரசரவென்று வந்தது. இடைவெளி குறைவுதான், ஒரு தாளுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவே. ஆனால் இடைவெளி இடைவெளிதான். லென் மைதானத்துக்குக் கொண்டுபோய் மூட்டையில் வைத்துச் சுட்டார். மூன்று குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன.

ரைபிளைப் பெட்டியில் வைத்து வேனில் திரும்பினோம். ரைபிளில் ஒன்றும் இல்லையென்றால் பதில் என்ன என்று இருவருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான், ஏனென்றால் தொலைபேசி என் மேசையில் இருந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பவானி புட்டை என் பக்கம் தள்ளினாள்.

"என்னப்பா யோசினை?"

"ஒரு துவக்கு. ஒரு பிழையும் இல்லை, ஆனால் பிழையாச் சுடுது."

"சுடுற ஆளைப் பாத்தியளோ?"

"அவவைச் சோதிக்கிறது எங்கடை வேலை இல்லையப்பா."

"அந்த மனுசி துவக்கை மட்டும் கொண்டு வந்து தந்தா. தான் எப்பிடிப் பிடிக்கிறன் எண்டதைக் கொண்டு வரேல்லையே?"

பவானிக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. மானைச் சுடுகிறவரில் அவளுக்கு இரக்கமும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூட்டையில் வைத்துச் சுட்டது லென். காட்டில் மூட்டை ஏது?

மறுநாள் லென்னிடம் சொன்னேன். "அவர் காட்டில் சுடுவதுபோல் ஒருமுறை பார்க்கவேண்டும்."

"கூப்பிடு" என்றார்.

ஜூடித் மைதானத்துக்கு வந்தார். காட்டில் பாவிப்பதுபோல் இரண்டு ஊன்றுகோல்களைக் குறுக்காக நட்டு, அந்தக் கவையில் ரைபிளின் முன்கட்டையை வைத்தார். நான் பின்னால் நின்றேன், கை பைக்குள். முதல் குண்டு மேலே போனது. இரண்டாவதும் மேலே. எனக்கு இலக்குத் தாளில் அக்கறை இல்லை, அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்களின் கவையையும் முன்கட்டையின் நுனியையும் ஒரே பிடியாகப் பிடித்து, விரல் வெளுக்க நெரித்து, தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்து நின்றார். மூட்டையில் வைத்தபோது ரைபிளின் பாரம் நடுவில் இருந்தது. இங்கே எல்லாம் நுனியில்.

"குண்டை எடுத்துவிடுங்கள். போல்ட்டையும் கழற்றிவிடுங்கள்" என்றேன். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்தத் தண்டைக் கழற்றி என் கையில் தந்தார். குழல் வெறுமையா என்று நானும் பார்த்தேன், லென்னும் பார்த்தார். பிறகு அன்றைய கலண்டர் தாளைக் குழலுக்கு அடியில் செருகினேன். "இப்போது சுடுவதுபோலவே பிடியுங்கள். மான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

அவர் பிடித்தார், சாய்ந்தார், மூச்சை நிறுத்தினார். நான் தாளை இழுத்தேன்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தேன், தாள் கிழிந்து பாதி என் கையோடு வந்தது. "விடுங்கள்" என்றேன். அவர் பிடியைத் தளர்த்தியதும் மற்றப் பாதி தானாக வழுக்கிப் புல்லில் விழுந்தது. மெலிந்த கட்டை அது, அழகுக்காக ஒல்லியாகச் செதுக்கியது. அவருடைய பாரத்துக்கு எதிராகக் கோல்களின் கவை கீழிருந்து அழுத்தியதும் அது வில்லாக வளைந்து குழலில் முட்டி, குழலை மேலே தள்ளியிருக்கிறது. பட்டறையில் எத்தனை நாள் சோதித்திருந்தாலும் அது எங்களுக்குக் காட்டியிராது.

நான் சந்தோசத்தில் கத்திவிட்டேன். லென் வந்தார். பைக்குள் இருந்து கையை எடுத்து, ஜூடித்தை மறுபடியும் பிடிக்கச் சொல்லி, என்னிடமிருந்த இன்னொரு தாளைத் தானே செருகி, தானே இழுத்துப் பார்த்தார். சிக்கியது. ஜூடித்தின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

"அப்படியானால் ரைபிள்தான்" என்றார்.

"ரைபிள்தான்" என்றேன் நான்.

லென் புல்லில் கிடந்த பாதித் தாளைக் குனிந்து எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஜூடித், இப்படிப் பிடிக்க எப்போது தொடங்கினீர்கள்?"

அவர் நாயைப் பார்த்தார். அதன் காதைத் தடவினார். "போன குளிர்காலத்தில். குளிரில் இந்தக் கை நடுங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் நிற்கிறது."

எனக்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ரைபிளா, நானா என்று அவர் கேட்டதற்கு, இரண்டும் என்பதே பதில். நடுங்குகிற கையால் பிடி மாறியது, மாறிய பிடியால் கட்டை வளைந்தது.

"இதில் ஒரு பாதி எங்களுடையது" என்றார் லென். "அதை நாங்கள் சரிசெய்து தருகிறோம்."

மற்றப் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை. ஜூடித்தும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த ரைபிளில் நான் வேலை செய்த மாதிரி வேறு எதிலும் செய்ததில்லை. முன்கட்டையின் உட்புறத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் எஃகுக் கம்பி ஒன்றைப் படுக்கவைத்துப் பசையால் மூடினேன். இனி எவ்வளவு அழுத்தினாலும் வளையாது. குழலின் பள்ளத்தை, தடியில் சுற்றிய மண்தாளால் தேய்த்துத் தேய்த்து, கலண்டர் தாளை எட்டாய் மடித்தாலும் போகுமளவுக்கு அகலமாக்கினேன். உள்ளே மழைத் தண்ணீர் ஊறாமல் எண்ணெய் ஏற்றினேன். பதில் கிடைத்துவிட்டதால் பெடிங்கையும் புதிதாகப் போட்டேன். மறுநாள் 'டக்' சத்தம் கேட்டபோது, இரவே போட்டு மறந்திருந்த தேநீரை லென் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குடித்தார்.

ஜூடித் வந்து ஊன்றுகோலில் வைத்து, விரல் வெளுக்கப் பிடித்து, சுட்டார். மூன்று துளைகளையும் ஒரு ராணிப் படத் தபால்தலையால் மூடியிருக்கலாம். அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் அதற்கடுத்ததும் அவர் காட்டுக்குப் போனார். ஒரு மானும் ஓடவில்லை என்று நத்தாருக்கு நத்தார் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு போன் எடுத்துச் சொல்வார். ஒருமுறை மான் இறைச்சியும் அனுப்பினார். பவானி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டினாள். பிறகு, கறி உப்புக் காணாது என்று இரண்டு முறை ருசி பார்த்தாள்.

இடையில் லென் முதுமையால் பட்டறையைக் கைமாற்றிவிட்டுக் கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். புதியவர்கள் நல்லவர்கள். இப்போது வருகிற ரைபிள்கள் பலவற்றுக்கு மரமே இல்லை. அலுமினியச் சட்டத்தில் இரும்பு நேராக உட்கார்ந்துவிடும், பசையும் வேண்டாம், புகையும் வேண்டாம். எனக்கு அதில் குறையொன்றுமில்லை. முதல் சட்டம் வந்த அன்றைக்கு அதைக் கழற்றிப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போகவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின குளிர்காலத்தில் ஜூடித் வந்தார். நாய் வேறு, ரைபிள் அதேதான்.

"மறுபடியும் குண்டு தவறுகிறது, பேட், இப்போது மேலேயும் கீழேயுமாக. மான் மேல் அல்ல, இலக்குத் தாளில்தான். இந்த முறை காட்டுக்குப் போகுமுன்பே சோதித்துப் பார்த்தேன்."

லென் இருந்திருந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு திருகாணி, வளையம், குழல்வாய், ஊசி என்று எல்லாம் பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டாம் முறையும் பார்த்தேன், ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது.

"உங்கள் தாள் இருக்கிறதா?" என்று அவரே கேட்டார்.

ஊன்றுகோல்களைப் பட்டறைத் தரையில் குறுக்காக நிறுத்தினார். போல்ட்டைக் கழற்றித் தந்தார். முன்கட்டையைப் பிடித்து முன்போலவே நெரித்துச் சாய்ந்தார். இப்போது இறுக்கிப் பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. குழலின் நுனி காற்றில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரித் தாளைச் செருகினேன்.

இழுத்தேன். வந்துவிட்டது.

திரும்பவும் செருகினேன். எத்தனை வருடம், எத்தனை ரைபிள், தாள் சிக்காமல் வரவேண்டும் என்பதற்காகவே சுரண்டியும் தேய்த்தும் வாழ்ந்தவன் நான். அன்று ஒருமுறை மட்டும், கடவுளே, சிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு இழுத்தேன். என் கை வேலை நன்றாகத்தான் இருந்தது. தாள் நுனியிலிருந்து உடம்புவரை ஒரு தடையும் இல்லாமல் சரசரவென்று வந்தது.

தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"உங்கள் பாதி சரியாகத்தான் இருக்கிறது, பேட்" என்றார் ஜூடித்.

ரைபிளைத் தூக்கி, குழந்தையைக் கிடத்துவதுபோல் என் மேசையில் கிடத்தினார். பிறகு இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.